சட்டையில் பொலிஷ் மணம்

பனிச்சையடியில் பிலிஸின் மூக்கைப் பற்றிக் கதைக்காத ஆள் இல்லை. மூன்று வீடு தள்ளி யாராவது அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் நின்று வாயடித்துக்கொண்டிருந்தால், "அடியேய், உன்ட பால் அடிப்பிடிக்கிது, ஓடு!" என்று தையல் மெசினில் இருந்தபடியே சத்தம் போடுவாள். தைக்கக் கொண்டுவரும் துணியை மூக்கில் பிடித்தே அது அலுமாரியில் கிடந்த துணியா, கடையில் இருந்து வந்த துணியா என்று சொல்லிவிடுவாள். வாவிப் பக்கத்துக் காற்றை ஒருதரம் இழுத்தாளென்றால் மழை வருமா வராதா என்பதும் தெரிந்துவிடும். அப்பேர்ப்பட்ட மூக்கைத்தான் அவள் புருஷன் எல்மோ ஒரு பழந்துணியை வைத்து ஏமாற்றினான். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, ஒரு வருஷம். கேட்டால் கேட்டவருக்கே வயிறு எரியும், அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

பிலிஸ் கடற்கரையோர டச்பாரில் பிறந்தவள், போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கிப் பெண். சுனாமி அந்தக் கரையை வழித்துத் துடைத்துக்கொண்டு போன பிறகு, மிஞ்சிய சனத்தோடு பனிச்சையடியில் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு வந்தவள். தாய் போனாள், வீடு போனது, தாய் கொடுத்த மெசினும் போனது. எல்மோவும் மகள் நட்டாஷாவும் மட்டும் மிஞ்சினார்கள். அன்று காலையில் நாலு வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிக் காப்பாற்றியவன் எல்மோதான். அதைப் பிலிஸ் ஒருநாளும் மறக்கவில்லை. மறந்திருந்தால் இந்தக் கதை இவ்வளவு தூரம் வந்திராது.

"பாவம், கடல் வந்து போன கவலையிலதான் எல்மோ குடிக்கத் தொடங்கினவர்" என்று ஊர் சொல்லும். பிலிஸுக்கு அதைக் கேட்டால் சிரிப்பு வரும். எல்மோ கடல் வர முன்னமும் குடித்தவன்தான். பிறகு குடிக்க ஒரு காரணம் கிடைத்தது, அவ்வளவுதான். ஞானஸ்நானம் என்றாலும் போத்தல், சாவு என்றாலும் போத்தல். வாவியைச் சுற்றி எந்தச் சனத்தில் இது இல்லை? எல்மோவுக்கு மட்டும் கொண்டாட்டமும் சாவும் ஒவ்வொரு நாளும் வந்தன. நல்ல தச்சன். கதவு நிலை வைத்தால் நூல் பிடித்தது போல நிற்கும். ஆனால் கை நடுங்கத் தொடங்கி, வாள் பிடிக்க ஏலாமல், இரண்டு விரல்களில் வெட்டும் வாங்கி, கடைசியில் ஒருநாள் முற்றத்தில் இரத்த இரத்தமாகச் சத்தி எடுத்தான்.

ஆஸ்பத்திரி டொக்டர் பூசி மெழுகிப் பேசுகிற ஆள் இல்லை. "ஈரல் பழுதாப் போச்சு. இனி ஒரு சொட்டுத் தொட்டா இவர என்னட்டக் கொண்டுவராதீங்க, ஃபாதரிட்டக் கொண்டுபோங்க" என்றார். எல்மோ கட்டிலில் கிடந்து குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதான். பக்கத்தில் நின்ற நட்டாஷாவின் தலையில் கையை வைத்தான். "என்ட புள்ளையாண சத்தியம். இனித் தொடமாட்டன்" என்றான். பிலிஸ் அந்த இடத்திலேயே முழங்காலில் விழுந்து மாதாவுக்கு நன்றி சொன்னாள்.

ஆஸ்பத்திரியால் வந்ததும் பிலிஸ் காத்தான்குடிக்குப் போய் மஜீட் ஹாஜியாரைப் பிடித்தாள். அவருக்குத் தளபாடக் கடையும் பட்டறையும் உண்டு. அவருடைய மகள்மாருக்குக் கலியாணச் சட்டை தைத்துக்கொடுத்த பழக்கம். "வாள் புடிக்க ஏலாட்டியும் பொலிஷ் வேலைக்கு வரட்டுமே தங்கச்சி. ஆனா ஒண்டு, குடிச்சிட்டு என்ட வாசல்ல கால் வைக்கப்படாது" என்றார் ஹாஜியார். காத்தான்குடியில் சாராயத் தவறணை கிடையாது. முதலாளி தொழுகையாளி. இதைவிட நல்ல இடம் தேடினாலும் கிடைக்காது என்று பிலிஸ் மனம் குளிர்ந்து வீடு வந்தாள்.

முதல்நாள் வேலை முடிந்து எல்மோ வாசலில் ஏறியதுமே குப்பென்று ஸ்பிரிட் வாடை அடித்தது. "எல்மோ!" என்று பிலிஸ் கத்திவிட்டாள். அவன் சிரித்துக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினான். நகக்கண்ணெல்லாம் செம்பழுப்பு. "பொலிஷ் பிலிஸ், பொலிஷ். அரக்க ஸ்பிரிட்டில கரைச்சுத்தானே பூசுற. மணந்து பார்" என்றான். பிலிஸ் கையைப் பிடித்து மணந்தாள். ஸ்பிரிட்தான், ஆனால் அடியில் அரக்கின் இனிப்பு மணம். சாராயம் இல்லை. அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பைப் பக்கத்து வீட்டுப் புஸ்பம் எட்டிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அந்த மணம் பிலிஸுக்கு உறவு மாதிரி ஆகிவிட்டது. பொழுதுபடும் நேரம் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும், பின்னாலேயே பொலிஷ் மணம் வரும், அவளுக்கு உயிர் வரும். "என்னகா, எல்மோ அண்ணன்ல ஒரு வாடை அடிக்கிது?" என்று புஸ்பம் ஒருதரம் கேட்டாள். பிலிஸ் விடவில்லை. "எங்கட எல்மோவோ? அது பொலிஷ்கா! மூக்கில்லாததுகளெல்லாம் கதைக்க வந்திட்டுதுகள்" என்று நல்லாக் கொடுத்து அனுப்பினாள். புஸ்பம் மறுகா அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

எல்மோவும் தேறித்தான் வந்தான், பார்க்கிறவர்களுக்கு. வயிறு வைத்தது. பிலிஸ் அதைப் பார்த்துப் பூரித்துப்போனாள். சோறும் வாவி மீனும் ஒழுங்காகச் சாப்பிடுகிறான், உடம்பு வைக்கிறான், வேறென்ன? மகளின் கலியாணம் பேசி முடிந்ததும் எல்மோ கோயிலுக்குப் போடும் களிசானைப் பிலிஸ் எடுத்து, இடுப்புத் தையலைப் பிரித்து, துண்டு வைத்துப் பெருப்பித்தாள். கோட்டுத்தான் தோளில் தொங்கியது. தோளைச் சின்னதாக்கிப் பிடித்துத் தைத்தாள். வயிறு பெருத்து, தோள் சிறுத்து, இது என்ன உடம்பு என்று ஊரெல்லாருக்கும் அளவெடுத்துத் தைக்கிற கைக்கு விளங்கியிருக்க வேண்டும். சந்தோஷம் கண்ணை மறைத்தால் டேப் என்ன சொல்லும்?

நட்டாஷாவுக்கு மாப்பிள்ளை க்ளைவ். தகப்பனின் சத்தத்துக்குப் பயந்து கட்டிலுக்குக் கீழே ஒளித்து வளர்ந்தவள் அவள். அதனால் குடியைத் தொடாத பையனாகத் தேடி எடுத்துக்கொண்டாள். உயிர்த்த ஞாயிறு கழிந்து புளியந்தீவுக் கோயிலில் கலியாணம் என்று முடிவானது. பெண்ணைத் தகப்பன் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிக்கொண்டுபோய் மாப்பிள்ளையிடம் ஒப்புக்கொடுக்க வேண்டும். இதற்காகத்தான் பிலிஸ் இத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள் என்றே சொல்லலாம். பறங்கிச் சனமெல்லாம் பார்க்க, எல்மோ கோட்டும் களிசானும் போட்டு, நிமிர்ந்து, மகளைக் கூட்டிக்கொண்டு நடக்க வேண்டும். அந்த ஒரு நடையை அவள் மனதுக்குள் எத்தனையோ தரம் நடத்திப் பார்த்துவிட்டாள்.

மார்கழி பிறந்த கையோடு ஒரு சம்பவம் நடந்தது. நட்டாஷா காத்தான்குடியில் சீலைத்துணி வாங்கிவிட்டுப் பொழுதுபடும் நேரம் தகப்பனின் மோட்டார் சைக்கிளில் ஏறி வந்தாள். கல்லடிப் பாலத்தில் சைக்கிள் ஒருதரம் ஓரத்துக்கு இழுத்தது. இரண்டாம் தரம் பின்னால் வந்த பஸ் ஹோன் அடித்து, பிறேக் போட்டு, சனம் கத்தியது. நட்டாஷா குதித்து இறங்கிப் பாலம் முழுக்க நடந்து, ஓட்டோ பிடித்து வீடு வந்தாள். வந்தவள் செருப்பையும் கழற்றவில்லை.

"டடி குடிச்சிருக்கார் மம்மி."

"விசர்க்கதை கதைக்காத. அது பொலிஷ் மணம்."

"பொலிஷ் மணத்துக்குள்ள வேற மணம் கிடக்கு மம்மி. நான் முதுகோட ஒட்டி இருந்தனான். எனக்குத் தெரியும். அவர் குடிச்சா நான் அவர்ர கையப் புடிச்சிக் கோயிலுக்குள்ள போகமாட்டன். சொல்லிட்டன்."

கொஞ்ச நேரத்தில் எல்மோ வந்தான். பிலிஸ் கேட்டதும் வாசலிலேயே குந்திவிட்டான். "பாலத்தில வாடைக்காத்து, பிலிஸ். சைக்கிள் ஆடினது மெய்தான். அதுக்கு என்ட புள்ள என்ன வெறிகாரன் எண்டு சொல்லுதே" என்றான். அன்றைக்கும் மறுநாளும் அவன் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். "அவ தலையில அடிச்சில்லயா சத்தியம் பண்ணினனான், அவவே நம்பல்லயே" என்று மூக்கை உறிஞ்சினான். பிலிஸுக்கு மனம் தாங்கவில்லை. மார்கழியில் பாலத்தில் காற்று ஆளைத் தள்ளும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே? திருந்தி வந்த மனிதனைப் பெற்ற பிள்ளையே சந்தேகப்பட்டால், அவன் அந்தக் கவலையில் திரும்பக் குடித்துவிட மாட்டானா? அந்தப் பயத்திலேயே அவள் மகளோடு கதைப்பதை நிறுத்தினாள். உனக்குத் தகப்பன் வேண்டாமென்றால் கலியாணத்துக்கு நானும் வேண்டாம் என்று வாய் கூசாமல் சொன்னாள்.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. இயேசு பிறந்த நத்தார் இரவில் பூசை முடிந்து வந்ததும், கேக் வெட்ட முன்னர், பிள்ளைகள் தாய் தகப்பனுக்கு முன்னால் முழங்காலில் நின்று அந்த வருஷத்துப் பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். தகப்பன் நெற்றியில் சிலுவை போட்டு எழுப்புவார். பிலிஸின் தாய் வீட்டிலும் அப்படித்தான், அதற்கு முன்னும் அப்படித்தான். அந்த நத்தாரில் நட்டாஷா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. பிலிஸ் மகளின் தோளைப் பிடித்து அமத்தினாள். "கேள். டடியச் சந்தேகப்பட்டதுக்கு மன்னிப்புக் கேள். இல்லாட்டி இந்த வீட்டில நத்தார் இல்ல" என்றாள்.

நட்டாஷா தாயைப் பார்த்தாள். பிறகு மெல்ல முழங்காலில் நின்றாள். "உங்களச் சந்தேகப்பட்டதுக்கு மன்னியுங்க டடி" என்றாள். எல்மோ கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டி அவள் நெற்றியில் சிலுவை போட்டான். "டடி மன்னிச்சிட்டன் மகள்" என்றான். பிலிஸ் சந்தோஷத்தில் விக்கி விக்கி அழுதாள். வீடு திரும்பச் சேர்ந்துவிட்டது என்று நினைத்துக் கேக்கைப் பெரிய பெரிய துண்டாக வெட்டினாள்.

தவக்காலம் வந்தது. எல்மோ இறைச்சியை விட்டான். வெள்ளிக்கிழமை தவறாமல் சிலுவைப் பாதைக்கும் போனான். கலியாண அழைப்பைக் காத்தான்குடியில் சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்ல ஒரு பின்னேரம் பிலிஸ் பஸ் ஏறினாள். முதல் அழைப்பு மஜீட் ஹாஜியாருக்கு. தன் புருஷனுக்கு ஒரு வாழ்வு கொடுத்த மனிதனுக்கு நேரில் நன்றி சொல்ல வேண்டும் என்பது அவளுக்குக் கனநாளாக மனதில் கிடந்த ஆசை.

பட்டறைக்குள் கால் வைத்ததும் அவளுடைய மூக்குக்கு ஏதோ ஒன்று குறைந்தது. மரத்தூள் மணந்தது, பசை மணந்தது. அவள் தேடிவந்த மணம் இல்லை. எல்மோவும் இல்லை. ஹாஜியார் கதிரையை இழுத்துப் போட்டு, "வாங்க தங்கச்சி, இரிங்க. எல்மோ இப்பதான் போனாரு, மூணரைக்கு அஸர் பாங்கோட அவருக்கு வேல முடிஞ்சிருமே" என்றார்.

பிலிஸுக்கு அதுவே புதுக்கதையாக இருந்தது. எல்மோ வீடு வரும்போது பொழுது பட்டுவிடும். ஆனாலும் சமாளித்துக்கொண்டு சிரித்தாள். "உங்கட புண்ணியத்திலதான் ஹாஜியார் எங்கட வீட்டில விளக்கு எரியிது. அந்தப் பொலிஷ் மணம் வரக்குள்ள எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா?" என்றாள்.

ஹாஜியார் நெற்றியைச் சுருக்கினார். "என்ன பொலிஷ் தங்கச்சி? ஸ்பிரிட் பொலிஷ் போன நோன்போட நிப்பாட்டியாச்சே. பக்கத்தில புள்ளைகள் ஓதுற மத்ரஸா, ஸ்பிரிட் நாத்தம் எண்டு உஸ்தாத் வந்து சொன்னாரு. இப்ப எல்லாம் தண்ணியில கரைக்கிற வார்னிஷ், மெசினால அடிக்கிற. அதுக்கு மணமே இல்ல. எல்மோ அரத்தாள் போட்டுத் தேய்க்கிறதுதான், பொலிஷ் தொட்டு ஒரு வருஷமாவுது."

பிலிஸ் அழைப்பிதழை நீட்டிய கையை மடக்க மறந்து இருந்தாள். ஹாஜியார் ஏதோ கேட்டார், அவள் ஏதோ சொன்னாள், எழும்பி வந்துவிட்டாள். பஸ் பாலத்தை நெருங்கியபோது வாவியில் இருந்து காற்று வந்தது. ஒரு மனிதனின் சைக்கிளை ஓரத்துக்கு இழுக்கிற காற்றா இது என்று பார்த்தாள். பாலத்தில் ஏற முன்னர் ரோட்டோரமாக ஒரு தவறணை உண்டு. அதன் வாசலில் நின்ற மோட்டார் சைக்கிள்களில் ஒன்றின் சீற் கிழிசலில் அவள் கையால் போட்ட தையல் தெரிந்தது. பஸ் நிற்கவில்லை. நின்றிருந்தாலும் அவளால் இறங்கியிருக்க முடியாது.

வீட்டுக்கு வந்து தோய்க்கப் போட்டிருந்த எல்மோவின் சட்டையை எடுத்தாள். மூக்கில் வைத்தாள். நெஞ்சில் பொலிஷ் மணந்தது, கழுத்துப்பட்டியில் மணந்தது. கைமுட்டில் இல்லை, கை நுனியில் இல்லை, முதுகில் இல்லை. பொலிஷ் பூசுகிறவனுக்குக் கையில் படாமல் கழுத்தில் மட்டும் எப்படிப் படும்? அவன் நகமும் எவ்வளவோ நாளாகப் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. ஆள் இப்போது துப்புரவாக இருக்கிறான் என்று அதையும் அவள் புஸ்பத்திடம் பெருமையடித்திருந்தாள். ஐயோ, நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது அவளுக்கு!

பொழுதுபட எல்மோ வந்தான். பின்னாலேயே அந்த மணமும் வந்தது. "தேத்தண்ணி ஊத்து பிலிஸ். இண்டு முழுக்கப் பொலிஷ். கை கழண்டு போச்சு" என்றான்.

"எதுக்குப் பொலிஷ்?"

"ஏறாவூர்ல ஒரு கலியாண வீட்டுச் செட். பெரிய அலுமாரி, கட்டில். ஹாஜியார் பக்கத்திலயே நிண்டு பாத்தார், மனுஷனுக்கு நல்ல சந்தோஷம்."

பிலிஸ் அவனைத் தாண்டி வெளியே போனாள். மோட்டார் சைக்கிளின் சீற்றைத் தூக்கினாள். மழைக்கோட்டுக்குக் கீழே ஒரு இருமல் மருந்துப் போத்தல், அதற்குள் பொலிஷ். அதைச் சுற்றி விறைத்துப்போன ஒரு பழந்துணி. அந்தத் துணி அவளுக்குத் தெரிந்த துணி. நட்டாஷாவின் பள்ளிக்கூடச் சட்டை வெட்டி மிஞ்சிய வெள்ளைத் துண்டு. சாராயப் போத்தல் கிடந்திருந்தால்கூட இவ்வளவு நொந்திராது. ஒவ்வொரு நாளும் குடித்து முடித்து, வீட்டுக்கு வர முன்னர் எங்கோ ஓரமாக நின்று, அந்தத் துணியை நனைத்து, நெஞ்சிலும் கழுத்திலும் தேய்த்திருக்கிறான். பெண்சாதியின் மூக்கை நன்றாகத் தெரிந்தவன், அது எங்கே வரும், எதை மணக்கும் என்று கணக்குப் பண்ணித் தேய்த்திருக்கிறான்.

துணியையும் போத்தலையும் கொண்டுவந்து மெசின் மேசையில் வைத்தாள். எல்மோ முதலில் சிரித்தான். பிறகு கோபப்பட்டான். பிறகு அழுதான். குடிகாரனோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு இந்த வரிசை மனப்பாடம். பிலிஸ் மூன்றையும் நின்று பார்த்தாள்.

"முதல் வருஷம் தொடவே இல்ல பிலிஸ், சத்தியமா. மறுகாதான், பொழுதுபடக்குள்ள கை நடுங்கும், நெஞ்சு அடைக்கும், ஒரு கால் போத்தல் உள்ள போனாத்தான் சரிவரும். உன்ட மனசு நோகக்கூடாதெண்டுதான் இதெல்லாம்."

"குடிச்சத விடு எல்மோ. அது வருத்தம் எண்டு நினைச்சி நான் பொறுப்பன். பொறுத்தவள்தானே? நத்தாருக்குப் புள்ள முழங்கால்ல நிண்டுதே. மெய்யச் சொன்ன புள்ள, பொய் சொன்ன உன்னட்ட மன்னிப்புக் கேட்டுதே. அந்த நேரம் உனக்கு எப்பிடிக் கை நீண்டிச்சி? எப்பிடி அந்த நெத்தியில சிலுவை போட்டாய்? 'டடி மன்னிச்சிட்டன்' எண்டாயே, எந்த வாயால சொன்னாய்?"

எல்மோ தலையைக் குனிந்துகொண்டான்.

"அவவத் தோள்ள அமத்தி முழங்கால்ல நிக்க வெச்சவள் நான். என்னக் கொண்டே என்ட புள்ளைய மிதிக்க வெச்சிட்டாய்" என்றாள் பிலிஸ். முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "போய் அவவிட்ட மன்னிப்புக் கேள். கேட்டாத்தான் நீ அவவக் கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போறது."

"தகப்பன் மகளிட்ட முழங்கால்ல நிக்கிறதா? ஊர் சிரிக்கும் பிலிஸ்."

"முழங்கால்ல நிக்க வேணா. வாயத் துறந்து ஒரு சொல்லுச் சொன்னாப் போதும்."

"கலியாணம் முடியட்டும். மறுகா சொல்லுறன்" என்றான் எல்மோ.

அடுத்த கிழமை அவள் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டொக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பிலிஸைப் பார்த்தார். "இது சாப்பாட்டு வயிறில்ல அம்மா. ஈரல் கெட்டு இறங்கின தண்ணி" என்றார். தோளும் கையும் ஏன் மெலிந்தன என்றும் சொன்னார். பிலிஸ் கதிரையில் இருந்தபடி தான் பிரித்துப் பெருப்பித்த இடுப்புத் தையலை நினைத்தாள். ஆசை ஆசையாகத் தைத்தாள் அல்லவா! ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்தார்கள். அவள் உப்பில்லாமல் சமைத்தாள், குளிசையை நேரம் பார்த்துக் கொடுத்தாள், துணி தோய்த்தாள். ஒன்றிலும் குறை வைக்கவில்லை. அவன் சொல்லும் சொல்லை மட்டும் அவள் காதில் எடுக்கவில்லை.

நட்டாஷாவுக்கு எப்படிச் சொல்வது? கலியாணம் முடியும்வரை மூடி வைத்தால் என்ன என்று பிலிஸுக்கும் ஒரு நினைப்பு வந்தது. அந்த நடை, கோயில், சனம் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து ஆசை காட்டின. பிறகு அந்த இருமல் மருந்துப் போத்தல் ஞாபகம் வந்தது. மூடி வைத்தால் தன் கையிலும் ஒரு பொலிஷ் துணிதான் என்று அவளுக்குப் பட்டது.

வெள்ளைக் கவுணை நட்டாஷாவுக்குப் போட்டுப் பார்த்த பின்னேரம், பிலிஸ் கீழ்விளிம்பை மடித்துக் குண்டூசி குத்துவதற்காக முழங்காலில் நின்றாள். கவுணைச் சுற்றிச் சுற்றி நகர்ந்து வந்தாள். முன்பக்கம் வந்ததும் வாயில் கவ்வியிருந்த ஊசிகளை எடுத்து நிலத்தில் வைத்தாள். எழும்பவில்லை.

"மகள், டடி குடிக்கிறார். நீ சொன்னது மெய். பாலத்திலயும் மெய்தான். நத்தாருக்கு உன்ன முழங்கால்ல நிக்க வெச்சனே, என்ன மன்னிச்சிரு" என்றாள்.

நட்டாஷா கவுண் கசங்கிவிடும் என்று கையை அகட்டிப் பிடித்தபடியே நின்றாள்.

"எனக்கு அண்டைக்கே தெரியும் மம்மி. நீங்க அவர நம்பினது எனக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. ஆசையில நம்பினீங்க. என்ன நம்பல்லயே, அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிது."

பிலிஸ் மகளின் கால்மாட்டில் முகத்தை வைத்து அழுதாள். கொஞ்சத்தில் நட்டாஷாவும் அழுதாள். "எழும்புங்க மம்மி, கவுண் நனையிது" என்று கைகொடுத்துத் தூக்கினாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள், "அவர் என்னட்ட ஏதும் சொல்லுவாரா?"

"சொல்லச் சொல்லியிருக்கன்" என்றாள் பிலிஸ்.

நட்டாஷா காத்திருந்தாள். பெரிய வியாழன் வந்தது, பெரிய வெள்ளி வந்தது, உயிர்ப்பும் வந்து போனது. எல்மோ மகளோடு கதைத்தான். கலியாணக் காரைப் பற்றிக் கதைத்தான், கேக்கைப் பற்றிக் கதைத்தான், மாப்பிள்ளையின் சப்பாத்தைப் பற்றிக்கூடக் கதைத்தான். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை.

கலியாணக் காலையில் வீடு நிறையச் சனம். எல்மோ கோட்டும் களிசானும் போட்டு வந்தான். வயிற்றுத் தண்ணீர் இறங்கியதால் இடுப்பு தொளதொளவென்று கிடந்தது. அதைப் பிலிஸ் திரும்பப் பிடித்துத் தைக்கவில்லை, அவன் பெல்ட்டால் இறுக்கிக் கட்டியிருந்தான். நட்டாஷா அறைக்குள் இருந்து வந்து தாய்க்கு முன்னால் முழங்காலில் நின்றாள். பிலிஸ் நெற்றியில் சிலுவை போட்டு எழுப்பி முத்தம் கொடுத்தாள். பிறகு நட்டாஷா தகப்பனுக்கு முன்னால் போனாள். முழங்காலில் நிற்கவில்லை. நிமிர்ந்தபடி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எல்மோ பழக்கத்தில் கையைத் தூக்கிவிட்டான். "கிட்ட வா மகள்" என்றான்.

"உங்களுக்கு என்னட்டச் சொல்ல ஒண்டும் இல்லையா டடி?"

எல்மோ சுற்றி நின்ற சனத்தைப் பார்த்தான். பிலிஸைப் பார்த்தான். தூக்கிய கை நடுங்கத் தொடங்கியது. அதைக் கீழே இறக்கி, உள்ளங்கையை விரித்து, மகளுக்கு நேரே நீட்டினான்.

"இண்டைக்கு ஒரு சொட்டும் தொடல்ல மகள், சத்தியமா. மணந்து பார்" என்றான்.

அது மெய்யாகவே இருந்திருக்கலாம். நாள் தவறாமல் குடிக்கிறவனுக்குக் குடியாத அன்றுதான் அப்படிக் கை நடுங்கும் என்று பிலிஸுக்குத் தெரியும். ஒரு எட்டு வைத்து மூக்கைக் கிட்டக் கொண்டுபோயிருந்தால் அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத் தெரிந்திருக்கும். அவள் போகவில்லை. அந்த மூக்கையும் அவள் இனி நம்புவதாக இல்லை. எதைச் சொல்ல வேண்டுமென்று கேட்டார்களோ அதை விட்டுவிட்டு, இவன் இன்னும் மணத்தைப் பற்றியே கதைக்கிறானே என்றுதான் அவளுக்கு மனம் வெறுத்துப்போனது.

வெளியே கார்க்காரன் ஹோன் அடித்தான். நட்டாஷா திரும்பினாள். "வாங்க மம்மி, நேரமாகுது" என்றாள். பிலிஸ் மகளின் கையைத் தன் கைக்குள் கோத்துக்கொண்டு படியிறங்கினாள். சனம் விலகி வழி விட்டது. எல்மோ நீட்டிய கையோடு உள்ளேயே நின்றான். அதை மணந்து பார்க்க அந்த வீட்டில் இனி ஆள் இல்லை.